கெல்சென்கிர்ச்சனில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்

கலாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பதினைந்து நாள் உடனிருந்து வர வேண்டும் என்று எங்கள் இல்லத்தை நடத்தும் சிஸ்டர் சொன்னபோது, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மணி கேட்டாலே எனக்கு வாய் உலர்ந்துவிடும். பத்தாம் வகுப்போடு நின்றவள். திண்டுக்கல்லைத் தாண்டி அதிகம் போனதில்லை. ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

"அவ உன்கிட்டதான் ஒட்டிக்கிட்டுக் கெடக்கா பாக்கியம். ஒட்ட வச்சவதான் பிரிச்சும் விடணும்" என்றார் சிஸ்டர்.

அது உண்மைதான். நான் ஆயாவாக வேலை பார்க்கும் குழந்தைகள் இல்லத்துக்குக் கலா வந்தபோது பிறந்து பத்து நாள். இப்போது மூன்றரை வயது. இடையில் எத்தனையோ தம்பதிகள் பிள்ளை கேட்டு வந்தார்கள். சிவப்பாக வேண்டும் என்பார்கள், ஆண் பிள்ளை வேண்டும் என்பார்கள், எங்கள் ஆட்களுடைய பிள்ளையா என்று காதோடு கேட்பார்கள். கலா நல்ல கறுப்பு. அவள் தொட்டிலருகே யாரும் நின்றதில்லை. கடைசியில் அவளைக் கேட்டு எழுதியவர்கள், கெல்சென்கிர்ச்சன் என்ற ஊரில் நர்சாக இருந்த ஹைக்கேயும் அவர் கணவர் யூர்கனும்தான்.

ஹைக்கேயின் போட்டோ ஆறு மாதம் முன்பே வந்துவிட்டது. அதைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி, தினமும் "இது யாரு?" என்று கேட்டு "அம்மா" என்று சொல்ல வைப்பது எங்கள் இல்லத்து வழக்கம். ஆயாக்கள் நாங்கள் அதில் ஒரு வேலை செய்தோம். நெற்றி வெறிச்சென்று கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், என் ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை எடுத்துப் போட்டோவுக்கு ஒட்டிவிட்டேன். மற்ற ஆயாக்கள், "இப்பத்தான்டி அம்மா மாதிரி இருக்கு" என்றார்கள். சிஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போய்விட்டார்.

கிளம்பும் அன்று சிஸ்டர் இரண்டு திரும்பும் டிக்கெட்டுகளை என் பையில் வைத்தார். ஒன்று எனக்கு. இன்னொன்று கலாவுக்கு. "பதினஞ்சு நாள்ல அந்தம்மாகிட்ட ஒட்டலைன்னா கூட்டிட்டு வந்துரு. அழ வச்சு விட்டுட்டு வராதே" என்றார். திரும்பி வந்தால் கலா நாலு வயதை நெருங்கிவிடுவாள். அதற்குப் பிறகு அவளை யாரும் கேட்கப் போவதில்லை. அது சிஸ்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விமானத்தில் கலா நன்றாகத் தூங்கினாள். நான் விழித்திருந்தேன். சாப்பாட்டுத் தட்டில் சுருட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியைத் தின்பண்டம் என்று நினைத்து மோந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் அதால் கை துடைத்ததைப் பார்த்து நானும் துடைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் ஹைக்கே முழங்காலிட்டுக் கை நீட்டினார். உயரமான, வெளுத்த தலைமுடியுள்ள பெண். கலா என் சேலைக்குள் புகுந்துகொண்டாள்.

"யாரு ஆயா இது?"

"அம்மாடி. போட்டோல பாத்தியே."

"இல்ல. போட்டோ அம்மாக்குப் பொட்டு இருக்கும்."

அங்கேயே எனக்கு வேர்த்துவிட்டது. நான் செய்த காரியம். அதை எந்தப் பாஷையில் சொல்வது? ஹைக்கே நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டு எழுந்தார். யூர்கன் வாங்கி வந்திருந்த கரடி பொம்மையைக் காரில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. அது தனியாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்து வந்தது.

அவர்கள் தெரு பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள், கரியேறிய செங்கல். ஐப்பசி மாதம் என்பதால் வானம் கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தது. பகல் மூன்று மணிக்குத் தெருவில் ஒரு ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. எங்கள் ஊரில் சாவு வீட்டுத் தெருகூட இத்தனை அமைதியாக இருக்காது. எதிர்வீட்டு மாடி ஜன்னலில் மட்டும் ஒரு கிழவி, ஜன்னல் கட்டையில் தலையணை போட்டு அதன்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கியபோது என்னைப் பார்த்தார். கலா இறங்கியபோது கலாவைப் பார்த்தார். ஹைக்கே இறங்கியபோது மறுபடி என்னைப் பார்த்தார்.

சாயந்திரம் ரீத்தா வந்தாள். மன்னார்க்காரி, சண்டையில் ஓடிவந்து எட்டு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாள். ஹைக்கே நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியில் வேலை. எங்களுக்குள் பேச்சை மாற்றிச் சொல்ல ஹைக்கே அவளைக் கேட்டிருந்தார். நான் தயங்கித் தயங்கிப் பொட்டு விஷயத்தைச் சொன்னேன். ரீத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ பாக்கியம் அக்கா! வெள்ளைக்காரிக்குப் பொட்டு வைச்சுப் பிள்ளையைப் பேக்காட்டியிருக்கிறியள்!"

பிறகு ஜெர்மன் மொழியில் ஹைக்கேயிடம் சொன்னாள். ஹைக்கே சிரிக்கவில்லை. என் முன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றி முடியை ஒதுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பவே ஒட்டட்டாம்" என்றாள் ரீத்தா.

ஒட்டினேன். கலா தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தாள். கிட்டே போய், ஒரு விரலால் பொட்டை அழுத்தினாள். பிறகு ஹைக்கேயின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஹைக்கே மூச்சு விடப் பயந்தவர் மாதிரி அப்படியே இருந்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய் ஊறுகாய், எல்லாம் சில்லென்று இருந்தது. வயிறு நிறைந்தாலும் சாப்பிட்ட மாதிரி இல்லை.

குளிர்ப்பெட்டிக் கதவில் ஹைக்கே ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். அதில் முப்பத்திரண்டு தமிழ்ச் சொற்கள், அவர் எழுத்தில். பாதி ரீத்தா சொல்லிக் கொடுத்தது, பாதி சிஸ்டர் கடிதத்தில் எழுதி அனுப்பியது. அதனால் "வாங்கோ" மன்னாரிலும் "பல்லு வெளக்கு" திண்டுக்கல்லிலும் இருந்தன. காலையில் அவர் "கலா, பல்லு வெளக்கு" என்றார். முகத்தில் பொட்டு, வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு, குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. எனக்குக் கை ரோமம் சிலிர்த்தது. கலா ஒழுங்காகப் போய்ப் பல் விளக்கினாள்.

மூன்றாம் நாள் இறைச்சிக் கடைக்குப் போனோம். பொட்டை எடுக்காமலே ஹைக்கே தெருவில் வந்தார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சின்னப் பிள்ளைகள் வந்தால் கடைக்காரம்மா, தாயிடம் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, முள்கரண்டியில் ஒரு துண்டு சாசேஜ் குத்தி மேடைக்கு மேலாக நீட்டுவார். எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பிள்ளைகளுக்கும் கிடைத்தது. எங்கள் முறை வந்தது. ஹைக்கே பணம் கொடுத்தார். ஹைக்கே பேசினார். கலா ஹைக்கேயின் கையைப் பிடித்திருந்தாள். கடைக்காரம்மா துண்டைக் குத்தி எடுத்து, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கொடுக்கலாமா?

வாங்குவதற்காக உயர்ந்த ஹைக்கேயின் கை பாதியில் நின்றது.

நான் தலையாட்டினேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. நாற்பத்தாறு வயதில், கல்யாணம் ஆகாத என்னை முதல் தடவையாக ஒருவர் தாய் என்று பார்த்தார். அந்தத் துண்டை நானே வாங்கிக் கலாவின் வாயில் வைத்தேன்.

அன்று கலா ஹைக்கேயைக் குளிப்பாட்ட விடவில்லை. "ஆயாதான்" என்றாள்.

அதன் பிறகு கவனித்தேன். ரொட்டிக் கடையிலும் அப்படித்தான். மருந்துக் கடையிலும் அப்படித்தான். பூங்காவில் கலா ஊஞ்சலில் இருந்து விழுந்தாள். ஹைக்கே தூக்கித் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் ஓடிவந்து குழந்தையை வாங்கி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள், சிரித்த முகத்தோடு. எல்லோரும் நல்லவர்கள். யாரும் திட்டவில்லை. ஆனால் ஹைக்கே நிற்கிற இடத்தில் அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்ப்பது மாதிரி அவர் வழியாக என்னைப் பார்த்தார்கள். ஊரில் என்னை யாரும் ஏறிட்டுப் பார்க்காத வாழ்க்கை வாழ்ந்தவள் நான். இங்கே பார்வை என் மேலேயே வந்து விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கலா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே சொல்வதைக் குழந்தை நம்பாதா? வீட்டுக்கு வந்ததும் என் பக்கத்தில் வந்து படுத்தாள்.

ஐந்தாம் நாள் பகல், ஹைக்கே தோட்டத்தில் துணி எடுக்கப் போயிருந்தபோது டெலிபோன் அடித்தது. எடுத்தேன். ஒரு ஆண் குரல். மெதுவாக, மரியாதையாக, ஜபம் படிப்பது மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசியது. நடுவில் ஒருமுறை "கலா" என்றது. தெரிந்தவர் போலும் என்று கடைசிவரை கேட்டேன். முடிந்ததும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "தேங்க் யூ சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஹைக்கே வந்ததும் காதில் கை வைத்துச் சைகையில் சொன்னேன். அவர் முகம் வெளுத்ததை என்ன சொல்வது, ஏற்கனவே வெளுத்த முகம், அதற்கு மேலும் வெளுத்தது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

மறுநாள் ரீத்தா விளக்கினாள். "பிள்ளை வரப்போகுதெண்டு தெருவில தெரிஞ்ச நாளில இருந்து போன் எடுக்கிறானாம். ஆரெண்டு தெரியாது. பொலிசுக்குச் சொல்லியாச்சு. பேர் எப்பிடித் தெரியுமெண்டும் விளங்கேல்லை."

"ஹைக்கேகிட்ட என்னதான் சொல்றானாம்?"

"அவ சொல்லமாட்டன் எண்டுறா. உங்களுக்கு விளங்காததும் நல்லதுக்குத்தான் அக்கா. நீங்கள் தாங்க்ஸ் சொல்லியிருக்கிறியள். அவன்தான் ராத்திரி நித்திரை கொண்டிருக்கமாட்டான்!"

சிரித்தோம். ஆனால் அன்று முழுக்க அந்தக் குரலின் மென்மை என் காதில் இருந்தது. அதட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கலாவின் அறையைப் பெருக்கும்போது கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை தட்டுப்பட்டது. கயிற்றில் மரப்பலகைகள் கட்டிய ஏணி. விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன். யூர்கன் வந்து, அதை ஜன்னல் கட்டையில் எப்படி மாட்டுவது என்று எனக்குச் செய்து காட்டினார். கொக்கியை இரண்டு தடவை என்னையே மாட்டச் சொன்னார். எதற்கு என்று கேட்க எனக்கு வார்த்தை இல்லை. அவர் ஒரு தீக்குச்சியை உரசிக் காட்டி, ஊதி அணைத்தார்.

அந்த வருஷங்களில் அந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வீடுகளில் தீ வைத்தார்களாம். ரீத்தாதான் சொன்னாள்.

"எங்கட வீட்டிலயும் ஏணி கிடக்கு அக்கா. நாங்கள் அகதியள், சரி. இவையள் இஞ்சயே பிறந்து வளந்த ஆக்கள். தாத்தா காலத்தில இருந்து இந்தத் தெரு. இப்ப இவையளும் ஏணி வாங்கி வைச்சிருக்கினம்."

குழந்தையைக் கொண்டுவந்து விட்டதே நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை ரீத்தா எங்களைத் தமிழ்ப் பூசைக்குக் கூட்டிப் போனாள். பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. சோறு, மீன் குழம்பு, சம்பல். ஆறு நாளைக்குப் பிறகு சூடான சோற்றைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கியது. கலா இரண்டு கையாலும் தின்றாள். இங்கேயாவது ஹைக்கேயைத் தாய் என்று பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பெண்கள் கலாவை ஹைக்கேயின் மடியிலிருந்து வாரி எடுத்துக்கொண்டு போனார்கள். ஹைக்கேயை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் ஒரு ஆரஞ்சு சோடா கொடுத்தார்கள். சுவரில் மாட்டியிருந்த மாதாவும் அவரும் மட்டும் அந்தப் பக்கம் இருந்தார்கள்.

"என்ன வடிவான பிள்ளை! எங்கட பிள்ளையைக் கொண்டுவந்து வெள்ளையிட்டக் குடுத்திட்டியளே" என்றாள் ஒருத்தி என்னிடம்.

"வளத்து வேலைக்காரியா வைக்கப்போறாளோ ஆருக்குத் தெரியும்" என்றாள் இன்னொருத்தி.

ரீத்தா சீறினாள். "ஏன், உங்கட வீட்டில இடமிருக்கே? இருந்தாச் சொல்லுங்கோ, இப்பவே அவவிட்டக் கேட்டுத் தாறன்."

அந்த அம்மா தட்டோடு எழுந்து போய்விட்டாள். ஆனால் வயதான ஒருவர் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை என்ன ஆக்கள் தங்கச்சி?" என்றார். திண்டுக்கல்லில் தொட்டிலருகே கேட்ட அதே கேள்வி. இத்தனை கடல் தாண்டி, என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

எட்டாம் நாள் எதிர்வீட்டுக் கிழவி தெருவைக் கடந்து வந்தார். அவரை இடுப்புக்குக் கீழே அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். கையில் ஒரு பை. கதவைத் திறந்த ஹைக்கேயைத் தாண்டி, உள்ளே நின்ற என்னிடம் பையை நீட்டினார். துவைத்து மடித்த சின்னக் கம்பளிச் சட்டைகள், ஒரு தொப்பி, நடுவில் ஒரு சாக்லேட். என் கன்னத்தைத் தட்டி ஏதோ கேட்டார். அன்று ரீத்தா அங்கே இருந்தாள்.

"எப்ப திரும்பிப் போறியள் எண்டு கேக்கிறா. நீங்களும் பிள்ளையும். குளிர் தொடங்க முதல் போனா நல்லதாம். இஞ்ச இருந்தா பிள்ளைக்குத்தான் கரைச்சலாம்."

"நான் மட்டும்தான் போறேன்னு சொல்லு."

ரீத்தா சொன்னாள். கிழவி அன்பாகத் தலையசைத்தார். நம்பாத தலையசைப்பு. போய்த் தன் ஜன்னலில் தலையணையைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார். அந்தக் கம்பளிச் சட்டைகளின் அளவு கலாவுக்கு அப்படியே பொருந்தியது. ஜன்னலில் இருந்து பார்த்தே அளந்திருக்கிறார்.

அன்று ரீத்தாவிடம், "அவர்தான் அம்மா" என்பதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டுக் கற்றுக்கொண்டேன். நாலே சொல். பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தேன். கடைக்குப் போனபோது நாலு தடவை வாய் திறந்தேன், நாலு தடவையும் காற்றுதான் வந்தது. பதினோராம் நாள் வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. கலா வீட்டுக்குள், பொட்டைப் பார்த்தபடி, ஹைக்கேயிடம் இருந்தாள். தெருவில் இறங்கினால் என் சேலையைப் பிடித்தாள். கலாவின் டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் தடுப்பூசி. டாக்டரிடம் ஹைக்கேதான் கலாவை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. திரும்பும்போது ரயில் நிலையத்துக்கு எதிரே ட்ராமுக்கு நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. கூரைக்கடியில் இடமில்லை. ஹைக்கே கைக்குட்டையால் கலாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, தன் முகத்தையும் துடைத்தார். பொட்டு கைக்குட்டையோடு போய்விட்டது. அவருக்குத் தெரியவில்லை.

கலா நிமிர்ந்து பார்த்தாள்.

ட்ராம் வந்து கதவு திறந்தது. ஹைக்கே அவளைத் தூக்கிப் படியில் கால் வைத்தார். கலா அலறினாள். அப்படி ஒரு அலறலை இல்லத்தில்கூட நான் கேட்டதில்லை. "விடு! நீ அம்மா இல்ல! ஆயா! ஆயா!" உதைத்தாள், ஹைக்கேயின் முடியைப் பிடித்து இழுத்தாள். கதவு மூடப் பார்த்து, ஹைக்கேயின் தோளில் இடித்து, மறுபடி திறந்தது. தொப்பி போட்ட ஒருவர் ஹைக்கேயின் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் கண்ணில் என்ன தெரிந்திருக்கும்? ஒரு வெள்ளைக்காரி, ஒரு இந்தியப் பெண்ணின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ட்ராமில் ஏறுகிறாள்.

ஒரு பெண் கலாவின் இடுப்பைப் பிடித்து ஹைக்கேயிடமிருந்து பிரித்து, என் பக்கம் நீட்டினாள். கலா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அந்தரத்தில் கிடந்தாள். "ஆயா!"

என் பையில் ஒரு அட்டைப் பொட்டு இருந்தது. ஒன்றை எடுத்து ஒட்டியிருந்தால் அடங்கியிருப்பாள். மூன்று நாளில் நான் போய்விடுவேன். அதன் பிறகு எத்தனை மழை?

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் குழந்தையை இன்னும் கிட்டே நீட்டினாள். நான் ஒரு அடி பின்னால் போனேன். எத்தனை முகங்கள், எல்லாம் என்னைப் பார்த்து. கற்றுக்கொண்ட நாலு சொல்லையும் சொன்னேன். எலி கீச்சிட்ட மாதிரி வந்தது. மறுபடி சொன்னேன், கத்தியே சொன்னேன். கேட்டது. ஆனால் அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள், யாரோ மிரட்டிச் சொல்ல வைத்ததுபோல. அந்தப் பெண் மட்டும் முகம் மாறி, என்னிடம் ஒரே ஒரு சொல் சொன்னாள். துப்புவது மாதிரி.

ஹைக்கே குழந்தையை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு, ஈரத் தரையில், எல்லோர் காலடியிலும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அணைத்தபடி, தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் சொல்ல ஆரம்பித்தார். குளிர்ப்பெட்டிக் கதவில் இருந்த அதே வரிசையில்.

"வா. உக்காரு. தண்ணி. பால். வாங்கோ. வலிக்குதா. பயப்படாதே. சட்டை. செருப்பு. சோறு."

கூட்டம் பேச்சை நிறுத்தியது. மழை மட்டும் சத்தம் போட்டது. தரையில் உட்கார்ந்து, தலைமுடி ஒட்டிய ஒரு வெள்ளைக்காரி, ஏற்ற இறக்கமே இல்லாமல், யாருக்கும் புரியாத ஒரு பாஷையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். தொப்பிக்காரர் பின்னால் நகர்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள், பேய் பிடித்தவளைப் பார்த்து ஒதுங்குவது மாதிரி. ட்ராம் மணியடித்துவிட்டு எங்களை விட்டுப் போய்விட்டது.

"குளிருதா. மெதுவா. நாய். பூனை. பல்லு வெளக்கு."

கலா விக்கினாள். விக்கலுக்கு நடுவில், "வெளக்கியாச்சு" என்றாள்.

அந்தச் சொல் ஹைக்கேக்குத் தெரியாது. என்னை அண்ணாந்து பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. அவர் பட்டியலில் அடுத்த சொல்லுக்குப் போனார்.

"தூங்கு."

"இப்பவா?" என்றாள் கலா.

அடுத்த ட்ராம் வந்தபோது ஹைக்கேயின் இடுப்பில்தான் ஏறினாள். உட்கார்ந்ததும் அந்த வெற்று நெற்றியில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தலையை அவர் கழுத்தில் சாய்த்துக்கொண்டாள். நான் எதிர் இருக்கையில் இருந்தேன். என் கைகளைப் பார்த்தேன், நகம் பதிந்து சிவந்திருந்தன.

அன்று சாயந்திரம் பொட்டு அட்டையை ரீத்தாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் சொன்ன சொல் என்ன என்று ரீத்தா ஹைக்கேயிடம் கேட்டுச் சொன்னாள். "காகத் தாய் எண்டு சொன்னவளாம். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டிட்டுப் போறவளை இஞ்ச அப்பிடித்தான் பேசுறது."

"எங்க ஊர்ல காக்கா குயில் முட்டையையும் சேத்துல்ல அடைகாக்கும்" என்றேன்.

"அதை அவளுக்குச் சொல்ல உங்களுக்கு இன்னும் எத்தினை சொல்லு படிக்கவேணும்" என்றாள் ரீத்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கிளம்பும்வரை கடைக்கு நான் போகவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அவர்கள் இருவரும் கை கோத்துப் போவதைப் பார்த்தேன். ஒருநாள் இறைச்சிக் கடையிலிருந்து வந்ததும் கலாவிடம், "சாசேஜ் குடுத்தாங்களா?" என்றேன்.

"குடுக்கல. அம்மா கேட்டாங்க. அப்புறம் குடுத்தாங்க."

பதினைந்தாம் நாள் பெட்டியோடு காரில் ஏறினோம். எதிர்வீட்டுக் கிழவி தலையணையிலிருந்து கையெடுத்து, எனக்கும் கலாவுக்கும் வழியனுப்புவது போல் ஆட்டினார். முகத்தில் நிம்மதி. மூன்று பேர் திரும்பி வந்ததைச் சாயந்திரம் பார்த்திருப்பார்.

விமான நிலையத்தில் கலாவின் டிக்கெட்டை ஹைக்கேயிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துப் படித்தார், பெயரைப் பார்த்தார், என்னைக் கட்டிக்கொண்டார். கலா தூக்கக் கலக்கத்தில் இருந்தாள். "ஆயா போயிட்டு வரேன்" என்றேன். "ம்" என்றாள்.

அடுத்து நடந்ததை ஊருக்கு வந்து சிஸ்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் குழந்தையை விட்டு வந்ததற்குக் கவலைப்படுவார்.

பாஸ்போர்ட் பார்க்கும் கூண்டில் ஒரு இளைஞர் இருந்தார். பாஸ்போர்ட்டைப் புரட்டியவர் விசாப் பக்கத்தில் நிறுத்தினார். குழந்தையோடு வருபவள் என்று அதில் எழுதியிருந்தது. எனக்குப் புரியும்படி இங்கிலீஷில், சொல் சொல்லாகக் கேட்டார்.

"குழந்தை எங்கே?"

சிஸ்டர் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். படித்தார். பிறகு மறுபடி, இன்னும் மெதுவாக, "குழந்தை இப்போது எங்கே? தாய் எங்கே?" என்றார்.

நான் திரும்பிக் கையைக் காட்டினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், இருபதடி தூரத்தில் நின்றார்கள். நீலக் கோட்டில் ஹைக்கே, இடுப்பில் கலா. கலா என்னைப் பார்க்கவில்லை. ஹைக்கேயின் காலரைப் பிடித்தபடி தோளில் வாயை வைத்துத் தூங்கிப் போயிருந்தாள். யூர்கன் கையசைத்தார். அவர்களைச் சுற்றி அதிகம் ஆட்களும் இல்லை.

இளைஞர் எழுந்து நின்று பார்த்தார். அவர் கண் ஹைக்கேயின் மேல் வந்தது, நிற்காமல் போனது. திரும்ப வந்தது, திரும்பவும் போனது.

"எங்கே?" என்றார்.

"அவர்தான் அம்மா" என்று அவருடைய மொழியிலேயே, தெளிவாக, நீட்டிய கையை இறக்காமல் சொன்னேன்.

அவர் கண் இன்னும் தள்ளிப் போய், தூணருகே தனியாக நின்றிருந்த ஒரு கறுத்த பெண்ணிடம் நின்றது. எந்த நாட்டுக்காரியோ, யாரையோ எதிர்பார்த்து நின்றாள். இளைஞரின் முகம் தெளிந்தது. "ஆ, சரி சரி" என்று அவளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்து, என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்.

அந்தப் பெண்ணின் கையில் ஒரு குடை மட்டும்தான் இருந்தது.